உங்கள் வீட்டில் நோயாளிகள் இரண்டு பேர்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானிலிருந்து ஒரு சகோதரி நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 48 வயது. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர், இப்போது ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கணவருக்கு 53, செம்பனைத் தோட்டத்தில் மண்டோர். எட்டு மாதத்துக்கு முன் கணவருக்கு மாரடைப்பு வந்து, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு கம்பிக் குழாய்கள் இரண்டு வைத்தார்கள். சொந்தபந்தமெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனது. இதயம் நன்றாகத் தேறிவிட்டது என்று டாக்டர் சொல்லியும் மனிதர் பழையபடி இல்லை. பேச்சு குறைந்துவிட்டது, தொட்டதற்கெல்லாம் எரிச்சல், இரவு மூன்று மணிக்கு எழுந்து வாசலில் உட்கார்ந்துகொள்கிறார், விட்டிருந்த பீர் திரும்ப வந்துவிட்டது, மாத்திரையைச் சில நாள் போடுகிறார், சில நாள் போடுவதில்லை. வேலைக்குத் திரும்பிப் போய் ஒரே வாரத்தில் நின்றுவிட்டார். "உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகிட்டான்" என்கிறாராம் அவருடைய அண்ணன். போன மாதம் ஒரு ராத்திரி, "நான் போயிட்டா உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்று சொல்லியிருக்கிறார். இன்னொன்று, மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் 'ஆண்மைக்கு' என்று விற்கிற காப்பிப் பாக்கெட்டுகளை இந்தச் சகோதரி பார்த்திருக்கிறார், ஆனால் எதுவும் கேட்கவில்லை.

தன்னைப் பற்றிக் கடைசியில்தான் எழுதியிருக்கிறார். மூன்று மாதமாக, பேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு மேடேறும்போது நெஞ்சின் நடுவில் அழுத்தம், அது தாடைவரை ஏறுகிறது, மூச்சு வாங்குகிறது, நின்றால் ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறது. இரண்டு தடவை ஒரு கிளினிக்குக்குப் போனார். ஈசிஜி நார்மல், "டென்ஷன், மாதவிடாய் நிற்கிற வயசு, கேஸ்" என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் தாங்க முடியாமல் கணவர் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை எடுத்துத் தானும் வைத்திருக்கிறார், வலி குறைந்திருக்கிறது. "மாதவிடாய் நிற்கிறவரைக்கும் பொம்பளைக்கு மாரடைப்பு வராது" என்பது மாமியாரின் முடிவு. இவருடைய அப்பா 50 வயதில் மாரடைப்பில் போனவர். இரண்டாவது பிரசவத்தில் இவருக்கே ரத்த அழுத்தம் ஏறி, கால் வீங்கி, சர்க்கரையும் இருந்து, நாளுக்கு முன்பே பிள்ளையை எடுத்திருக்கிறார்கள்.

கேள்விகள் மூன்று. எனக்கு இருப்பது மனசுப் பிரச்சினையா, நெஞ்சுப் பிரச்சினையா? கணவரை மனநல டாக்டரிடம் கூட்டிப் போனால் பெயர் கெடுமா, அவர் சொன்னதை வெளியே சொன்னால் போலீஸ் வருமா? மூத்த மகள் நான்கு மாதக் கர்ப்பம், இதையெல்லாம் அவளிடம் மறைப்பதுதானே சரி?

சகோதரி, உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி கணவரைப் பற்றியது. அவரைப் பற்றியும் விரிவாகவே சொல்கிறேன், ஆனால் நான் தொடங்கப் போவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஏழெட்டு வரிகளிலிருந்து. மேடேறினால் அழுத்தம், தாடைக்கு ஏறுவது, நின்றால் குறைவது. இவை சேர்ந்து வந்தால் இதயத்துக்கு ரத்தம் போதுமான அளவு போகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். உழைக்கும்போது வந்து ஓய்வில் போகும் இந்த வலிக்கு ஆஞ்சைனா என்று பெயர். கேஸ் வலிக்கு நீங்கள் மேடேறுகிறீர்களா, சமதரையில் நடக்கிறீர்களா என்ற கணக்கு பெரும்பாலும் கிடையாது.

இந்த வாரமே போங்கள். சம்பளம் வரட்டும், அவருடைய அடுத்த அப்பாயின்மென்ட் முடியட்டும், மகளுக்குப் பிரசவம் ஆகட்டும் என்று தள்ளாதீர்கள். அதற்கு இடையில், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தால், பதினைந்து நிமிடத்தைத் தாண்டினால், வியர்த்துக் கொட்டினால், மயக்கமோ வாந்தியோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால், அல்லது முன்பு மேட்டின் உச்சியில் வந்த வலி இப்போது நாலு அடி வைத்ததுமே வர ஆரம்பித்தால், 999க்குக் கூப்பிடுங்கள். மகன் வேலை முடிந்து வரட்டும், சோறு வடித்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். யாருடைய மோட்டார் சைக்கிளிலும் ஏறாதீர்கள். மாரடைப்பு வந்த பெண்கள் ஆண்களைவிடத் தாமதமாக ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன, நம் ஊரில் அதற்கான காரணத்தை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த நாக்கடி மாத்திரையை இனிமேல் நீங்களாக எடுக்காதீர்கள். அது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும், வழியில் தனியாக நடந்து வருகிற நேரத்தில் தலைசுற்றி விழுந்தால் வேறு பிரச்சினை. வலி குறைந்ததால் இதயம்தான் என்று முடிவு கட்டவும் முடியாது, உணவுக்குழாய் இறுகுவதால் வரும் வலியும் அந்த மாத்திரைக்குக் குறையும். ஆனால் நீங்கள் அதை எடுத்ததை டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார் என்று பயப்பட வேண்டாம், அவருக்கு அது தேவையான தகவல்.

ஈசிஜி நார்மல் என்றால்

அந்த நிமிடத்தில், நீங்கள் படுத்திருந்தபோது, இதயத்தின் மின்னோட்டத்தில் கோளாறு தெரியவில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான். ஆஞ்சைனா உள்ளவர்களுக்கு வலி இல்லாத நேரத்தில் எடுத்த ஈசிஜி நார்மலாக இருப்பது சாதாரண விஷயம். மாரடைப்பிலேயே முதல் ஈசிஜி சரியாக இருந்து, அரை மணி நேரம் கழித்து எடுத்ததில் மாறுவது உண்டு. அதனால்தான் வலியோடு வருகிறவர்களுக்குத் திரும்பத் திரும்ப ஈசிஜி எடுத்து, இதயத் தசை காயப்பட்டிருக்கிறதா என்று காட்டும் டிரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் செய்கிறோம். அந்தப் பரிசோதனையின் இயல்பு அளவே பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவு, இருவருக்கும் ஒரே கோடு போட்டால் சில பெண்கள் தவறிப் போவார்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லி வைக்கிறேன். நாளைக்கு உங்களுக்கு ஆஞ்சியோகிராம், அதாவது இதய ரத்தக்குழாய்களைக் காட்டும் எக்ஸ்ரே படம், எடுத்து, பெரிய ரத்தக்குழாய்களில் அடைப்பு இல்லை என்று வரலாம். உடனே "அப்போ எல்லாம் மனசுதான்" என்று வீட்டுக்கு அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். படத்தில் தெரியாத சிறு ரத்தக்குழாய்கள் சரியாக விரியாமல் வரும் ஆஞ்சைனா ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், அதற்குத் தனியாக மருந்து உண்டு. "சிறிய ரத்தக்குழாய் பிரச்சினையா இருக்குமா டாக்டர்?" என்று வாய் விட்டுக் கேளுங்கள்.

நீங்கள் பார்த்த டாக்டரைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. இதய நோய் என்றால் ஆண் நோயாளி என்று வைத்துத்தான் மருத்துவம் நெடுங்காலம் படித்தது. அமெரிக்காவில் 1977ல் வந்த ஒரு வழிகாட்டுதல், பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்களைப் புது மருந்துகளின் ஆரம்பகட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றது, 1993ல்தான் அதை மாற்றினார்கள். 1991ல் பெர்னடீன் ஹீலி என்ற இதய மருத்துவர், பெண் நோயாளிக்கும் ஆணுக்கு வந்த மாதிரியே வந்தால்தான் அதே கவனிப்பு கிடைக்கிறது என்று கண்டித்து எழுதினார். அதிலிருந்து நிறைய மாறியிருக்கிறது. ஆனாலும் ஆண் நெஞ்சைப் பிடித்தால் மாரடைப்பு, பெண் நெஞ்சைப் பிடித்தால் டென்ஷன் என்கிற பழக்கம் கிளினிக்கிலும் போகவில்லை, வீட்டிலும் போகவில்லை. நீங்களே பாருங்கள், உங்கள் வீட்டில் இது அப்படியே நடந்திருக்கிறது. கூடவே இதன் மறுபக்கமும் நடந்திருக்கிறது: அவருடைய நெஞ்சை எல்லோரும் பார்த்தார்கள், மனசை யாரும் பார்க்கவில்லை.

மாமியார் சொன்னதில் பாதி உண்மை

பாதி உண்மைதான். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இருக்கிறவரை ரத்தக்குழாய்களுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் (அதை நடத்தியவர் கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுப், 2004ல் வெளிவந்தது) பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிடச் சராசரியாக ஒன்பது வருடம் தள்ளித்தான் வந்தது. தள்ளி வருகிறது, வராமல் இல்லை. அந்த ஒன்பது வருடப் பாதுகாப்பையும் சர்க்கரை வியாதி பெருமளவு தின்றுவிடும். சர்க்கரை இருந்தால் இதய நோய் அபாயம் ஆண்களுக்கு எத்தனை மடங்கு கூடுகிறதோ அதைவிடப் பெண்களுக்குக் கூடுதலாகக் கூடுகிறது. நம் சமூகத்தில் சர்க்கரை எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும்: மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில் இந்தியர்களிடம்தான் அதிகம், பெரியவர்களில் பத்தில் மூன்று பேர்.

பெண்களுக்கு நெஞ்சு வலியே வராது, வேறு மாதிரிதான் வரும் என்றும் ஒரு பேச்சு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதுவும் தப்பு. பெண்களுக்கும் முதல் அறிகுறி பெரும்பாலும் நெஞ்சு வலிதான். அதோடு சேர்த்து மூச்சு வாங்குதல், குமட்டல், தாடை, முதுகு, தோள்பட்டை வலி, என்றுமில்லாத அசதி இவை ஆண்களைவிட அதிகமாக வரும். சொல்லும்போது நாம் எதை முதலில் சொல்கிறோமோ அதை வைத்துத்தான் டாக்டரின் யோசனை ஓடும். நீங்கள் போய், "ரொம்ப அசதியா இருக்கு டாக்டர், தூக்கமே இல்லை, வீட்டுக்காரருக்கு இப்படி ஆயிடுச்சு" என்று ஆரம்பித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்தத் தடவை உட்கார்ந்ததும் மலாயில் ஒரே வரி: "சாக்கிட் டாடா பிலா நாயிக் புக்கிட், ஹிலாங் பிலா ரேஹாட்." மேடேறினால் நெஞ்சு வலி, ஓய்வெடுத்தால் போகிறது. இதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அடுத்த கேள்வியை அவர் கேட்பார். அப்புறம் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: அப்பாவுக்கு 50ல் மாரடைப்பு, பிரசவத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும்.

பிரசவக் கதையை இருபது வருடத்துக்கு முன் முடிந்துபோனதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். முடியவில்லை. கர்ப்பத்தில் அப்படி ரத்த அழுத்தம் ஏறிய பெண்களுக்குப் பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கர்ப்பச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை வரும் வாய்ப்பு பல மடங்கு. பிள்ளை பிறந்ததும் அளவு இறங்கிவிட்டது, சரியாகிவிட்டது என்று நினைத்து அதோடு விட்டுவிடுகிறோம், என் கிளினிக்குக்கு வருகிற அக்காமார்களில் பாதிப் பேர் நான் கேட்டால்தான் அதைச் சொல்கிறார்கள்.

மனசா, நெஞ்சா?

இந்தக் கேள்வியையே கொஞ்சம் தள்ளி வையுங்கள். இரண்டும் இருக்கலாம், ஒன்று இருப்பதால் இன்னொன்று இல்லை என்று ஆகாது. காலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு, ஷிப்ட் முடிந்து வந்து, இரவு மூன்று மணிக்கு வாசலில் யாராவது உட்கார்ந்திருக்கிறாரா என்று காதை வைத்துக்கொண்டே படுக்கிற ஒருவருக்கு மனச்சோர்வும் பதற்றமும் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மாதவிடாய் நிற்கப் போகும் வருடங்களில் பெண்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பே கூடுகிறது. படபடப்பு, திடீரென்று உடம்பு கொதித்து வியர்ப்பது, தூக்கம் கெடுவது இவையும் அந்த மாற்றத்தின் பங்காக இருக்கலாம். ஆனால் மேடேறினால் வந்து நின்றால் போகிற வலியை அந்தக் கணக்கில் எழுதக் கூடாது.

மனக்கவலை இதயத்தைத் தொடாது என்று நினைக்க வேண்டாம். இன்டர்ஹார்ட் ஆய்வு மாரடைப்புக்குக் காரணம் என்று எண்ணிய ஒன்பதில் மன அழுத்தமும் ஒன்று. ஏற்கெனவே மாரடைப்பு வந்த 50 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு மன அழுத்தம் தரும் வேலை கொடுத்துப் பரிசோதித்தபோது, அதே வயது ஆண்களைவிட அதிகம் பேருக்கு இதயத்தின் ரத்த ஓட்டம் குறைந்தது. பெரிய அதிர்ச்சியோ துக்கமோ வந்ததும் இதயத் தசை தற்காலிகமாக பலூன் மாதிரி உப்பி, மாரடைப்பு போலவே வலிக்கிற நோய் ஒன்றை 1990ல் ஜப்பானில் முதலில் விவரித்தார்கள். அது வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள். "மனசுதான்" என்று யாராவது சொன்னால் "சரி, அதனால் இதயம் என்ன ஆகியிருக்கிறது என்று பாருங்கள்" என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம்.

இரண்டு சாதாரண ரத்தப் பரிசோதனைகளையும் கேட்டு வாங்குங்கள். ஒன்று ரத்தசோகை. மாதவிடாய் ஒழுங்கில்லாமல் அதிகமாகப் போகிற வயதில் ரத்தம் குறைந்திருந்தால் அசதி, மூச்சு வாங்கல், ஆஞ்சைனா எல்லாம் மோசமாகும். இன்னொன்று தைராய்டு. அது பெண்களுக்கே அதிகம் வரும், மனசையும் இதயத் துடிப்பையும் ஒருசேரக் கெடுக்கும். இதோடு ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு. இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் நம்மைப் போன்ற ஆசியப் பெண்களுக்கு அதுவும் எச்சரிக்கைதான்.

அவருக்கு வந்திருப்பது சோம்பல் இல்லை

இனி உங்கள் கணவர். மாரடைப்பு வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குத் தீவிர மனச்சோர்வு வருகிறது. ஆணுக்கு அது அழுகையாக வராமல் எரிச்சலாக, குடியாக, பேசாமல் கிடப்பதாக வருவது சகஜம், அதனால் யாரும் அதை நோய் என்று எண்ணுவதில்லை. உலகம் முழுக்க மனச்சோர்வு என்று கண்டறியப்படுவதில் பெண்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு, தற்கொலையில் உயிர் விடுவதில் ஆண்கள் இரண்டு மடங்குக்கும் மேல். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே ஆண்கள் எவ்வளவு கண்ணில் படாமல் போகிறார்கள் என்று தெரியும். நாற்பது பேரை வேலை வாங்கிய மண்டோர் அவர். இன்று மாத்திரைப் பெட்டியைப் பெண்டாட்டி எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அண்ணன் சோம்பேறி என்கிறார். அதை அவரே நம்ப ஆரம்பித்திருப்பார், எனக்கு அதுதான் கவலை.

"நான் போயிட்டா நிம்மதி" என்று சொன்னதை அப்படியே விடக் கூடாது. கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டது போலாகுமோ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகாது. நேராகக் கேட்பது யாரையும் அந்தப் பக்கம் தள்ளுவதில்லை, பல பேருக்கு அது மூச்சு விட்ட மாதிரி இருக்கும். சண்டை இல்லாத ஒரு நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து, "ஏங்க, அன்னைக்கு அப்படிச் சொன்னீங்களே, செத்துடணும்னு தோணுதா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றாலோ, எப்படி என்று யோசித்து வைத்திருப்பது தெரிந்தாலோ, தனியே விடாமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். இப்போதே செய்ய வேண்டியது, தோட்டத்துப் பூச்சிமருந்து, களைமருந்து எதுவும் வீட்டிலும் கொட்டகையிலும் இருந்தால் வெளியேற்றுங்கள், மாத்திரைகளை நீங்கள் வைத்துக்கொண்டு அவருக்கு ஒரு வாரத்துக்கானதை மட்டும் கொடுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவிச் சேவையான ஹீல் 15555 எண்ணிலும், பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 எண்ணிலும் நீங்களும் பேசலாம், அவர்தான் பேச வேண்டும் என்பதில்லை.

போலீஸ் வருமா என்று கேட்டீர்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309வது பிரிவை 2023ல் நீக்கிவிட்டார்கள். ஒருவருக்கு அந்த எண்ணம் இருக்கிறது என்று உதவி கேட்பது எப்போதுமே குற்றம் இல்லை. டாக்டரிடம் சொல்வது ரகசியம், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் காப்பாற்றுவதற்காக மற்றவரிடம் பேசுவோம். "பைத்தியக்கார டாக்டர்" என்று அவர் முறைப்பார், அதனால் அங்கிருந்து தொடங்க வேண்டாம். அடுத்த இதயப் பரிசோதனைக்கு நீங்களும் கூடப் போங்கள். தூக்கம், எரிச்சல், மாத்திரை விட்டுப்போவது மூன்றையும் நீங்களே சொல்லிவிட்டு, மனச்சோர்வுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். சில கேள்விகள் கொண்ட ஒரு தாள்தான். "இதயத்துக்கு இதுவும் ஒரு டெஸ்ட்" என்றால் அவர் ஒத்துக்கொள்வார், அது பொய்யும் இல்லை, சிகிச்சை பெறாத மனச்சோர்வு இருக்கும் இதய நோயாளிகள் மோசமாகத்தான் தேறுகிறார்கள். மருந்து தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்றவை மாரடைப்பு வந்தவர்களுக்கும் கொடுத்துப் பார்த்துப் பாதுகாப்பு உறுதியான மருந்துகள். பழக்கமாகிவிடும் என்ற பயம் வேண்டாம், ஆனால் பலன் தெரிய சில வாரம் ஆகும், நிறுத்துவதையும் டாக்டர் சொல்லி மெதுவாகத்தான் நிறுத்த வேண்டும்.

அந்தக் காப்பிப் பாக்கெட்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நீங்கள் யோசித்தது தெரிகிறது. எழுதியது நல்லதாகப் போயிற்று. இந்த வகைக் காப்பிகள் பலவற்றில் சில்டெனாபில், டடாலாபில் போன்ற மருந்துகளைச் சொல்லாமல் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பப் பிடித்து எச்சரித்திருக்கிறது. அந்த மருந்தும் நாக்கடி மாத்திரையும் ஒரே உடம்பில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும், ஆள் போகவும் கூடும். ஒரு வீட்டில் இரண்டும் இருக்கின்றன. இன்றைக்கே அவரிடம் பேசுங்கள்.

பேசும்போது பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு விசாரிக்க வேண்டாம். மாரடைப்புக்குப் பிறகு தாம்பத்தியத்தில் பயமும் தளர்ச்சியும் வருவது மிகச் சாதாரணம், அதைப் பற்றி அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆண்குறியின் ரத்தக்குழாய் இதயத்தினுடையதைவிடச் சிறியது, அதனால் பல ஆண்களுக்கு அந்தக் குறை மாரடைப்புக்குச் சில வருடம் முன்பே தலைகாட்டும், அவர்கள் வெட்கப்பட்டு வெளியே சொல்லாததால் ஒரு நல்ல எச்சரிக்கை வீணாகும். மாத்திரைகளால்தான் ஆண்மை போயிற்று என்று அவர் நினைத்து அவற்றை விடுகிறார் என்பது என் ஊகம். ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரைகளைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளும். அவருக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: இரண்டு மாடி ஏறி நெஞ்சு வலி, மூச்சிரைப்பு இல்லையென்றால் பொதுவாகத் தாம்பத்தியத்துக்குத் தடை இல்லை, மருந்தை மாற்ற வேண்டுமானால் டாக்டர் மாற்றித் தருவார், கேட்பதில் அவமானம் ஒன்றுமில்லை. நீங்கள் சொல்லச் சங்கடமாக இருந்தால் இந்தப் பத்தியை அப்படியே போனில் அனுப்பிவிடுங்கள்.

செலவும் வேலையும்

பணம்தான் உங்களைத் தடுக்கிறது என்று வரிக்கு வரி தெரிகிறது. அரசாங்கத்தின் கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி, அங்கிருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்கலாம். கடிதம் கேட்பது உங்கள் உரிமை, கெஞ்ச வேண்டியதில்லை. முன்பு எடுத்த ஈசிஜியின் பிரதியையும் கேட்டு வாங்கிக் கையில் கொண்டுபோங்கள். நாற்பதைத் தாண்டி அரசு உதவித்தொகை வாங்கும் குடும்பம் என்றால் பெக்கா பி40 திட்டத்தில் இருவருக்கும் இலவசப் பரிசோதனை உண்டு, ஆனால் உங்கள் நெஞ்சு வலிக்கு அதற்காகக் காத்திருக்கக் கூடாது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் நோய் விடுப்பு சம்பளத்தோடு கிடைக்கும்: இரண்டு வருடத்துக்குக் குறைந்த வேலை என்றால் வருடத்துக்கு 14 நாள், ஐந்து வருடம் ஆகிவிட்டால் 22 நாள்.

கணவர் வேலையை விட்டுவிட்டதாக எழுதிக் கொடுத்தாரா, இல்லை போகாமல் இருக்கிறாரா என்று கடிதத்தில் இல்லை. எதிலும் கையெழுத்துப் போடாமல் இருந்தால் இனியும் போட வேண்டாம், முதலில் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோவின் அலுவலகத்தில் அவருடைய சந்தா விவரத்தைக் கேளுங்கள், வேலைக்குத் திரும்ப உதவும் திட்டமும் முடியாதவர்களுக்கு ஓய்வூதியமும் அங்கே உண்டு. வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்றால், தொழில் உறவுத் துறையில் முறையிட 60 நாள்தான் அவகாசம்.

மகளிடம் சொல்லுங்கள்

உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில், மறைக்காதீர்கள். கர்ப்பிணிப் பிள்ளை பயந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். ஆனால் அம்மாவுக்குக் கர்ப்பத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருந்தது என்ற ஒரு விஷயம் அவளுடைய கர்ப்பக் கார்டில் எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் அவளுக்கும் அவை வரும் வாய்ப்பு கூடுதல். அது தெரிந்தால் சர்க்கரைப் பரிசோதனையை முன்கூட்டியே செய்வார்கள், ரத்த அழுத்தத்தை நெருக்கமாகக் கவனிப்பார்கள், ஆஸ்பிரின் சின்ன அளவில் தேவையா என்றும் யோசிப்பார்கள். அது 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன், நான்கு மாதம் என்றால் நாள் அதிகம் இல்லை. அவளுடைய அடுத்த செக்கப் எப்போது என்று இன்று ராத்திரியே கேளுங்கள், கூடப் போங்கள். தலைவலி விடாமல் இருப்பது, கண் மங்குவது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, மேல்வயிறு வலிப்பது, இவை வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே வரச் சொல்லி வையுங்கள். அப்பாவின் மனநிலையை எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம், ஆனால் உங்கள் நெஞ்சு வலியைச் சொல்லிவிடுங்கள். இந்த வாரம் உங்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக வீட்டில் வேறு யாரும் இல்லையென்றால் மருமகனைக் கேட்கலாம், அவருக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும். பரிசோதனை முடிவுகள் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள், அடுத்து எந்த டாக்டரிடம் என்ன கேட்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.